ரத்தம் ஏற்ற வரும் நாளில் காலையும் பாருங்கள்

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான், வானம் பார்த்த பூமி. மழை இறங்கியதும் வயலில் தண்ணீர் கட்டி நாற்று நடுவார்கள். நடவு முடிந்து கொஞ்ச நாளில் விவசாயி ஒருவர் கால் வலியென்று மருத்துவமனைக்கு வருவார். நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். பாதத்தில் ஆறாத புண் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வயதும் அதிகமில்லை, சர்க்கரையும் இல்லை. மருத்துவர் பாதத்தின் மேல்புறம் விரல் வைத்துப் பார்ப்பார். அங்கே துடிக்க வேண்டிய நாடி துடிக்காது. கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருக்கும்.

இப்படி வந்தவர்களின் தமனியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழாயின் சுவருக்குள்ளேயே நூல் நூலாக ஓர் உயிரி வளர்ந்திருந்தது. ரத்தக் கட்டி அடைத்ததாக முதலில் நினைத்தது பாதிதான் சரி. கட்டிக்குக் காரணமே அந்த நூல்கள்தான். பார்த்தால் அசல் பூஞ்சை. பெயர் பித்தியம் இன்சிடியோசம்.

1985 முதல் 2003 வரை தாய்லாந்தின் பெரிய மருத்துவமனைகளில் இந்த நோயோடு வந்த 102 பேரின் விவரங்களைத் தொகுத்து, அந்நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாயில் தொற்று. 33 சதவீதம் பேருக்குக் கண்ணில். பெரும்பாலோர் விவசாயம் பார்ப்பவர்கள், அல்லது சதுப்பு நிலத்திலும் தேங்கிய நீரிலும் புழங்குபவர்கள். ரத்தக் குழாயில் தொற்று வந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குக் காலையோ கையையோ எடுக்க வேண்டிவந்தது. அப்படியும் 40 சதவீதம் பேர் இறந்தார்கள்.

அந்தத் தொகுப்பில் இன்னொரு விவரம் இருக்கிறது. கண்ணில் தொற்று வந்தவர்களில் பெரும்பாலோர் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். ரத்தக் குழாய், தோல், உடலெங்கும் பரவியது என மற்ற வகைகளில் வந்தவர்களிலோ ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குத் தலசீமியா அல்லது அதைச் சேர்ந்த ஹீமோகுளோபின் கோளாறு இருந்தது. ஒரே வயல், ஒரே தண்ணீர். பக்கத்து வரப்பில் நிற்பவருக்குச் சிராய்ப்பு ஆறிப்போகிறது. பெற்றோரிடமிருந்து ரத்தக் கோளாறு வாங்கி வந்தவருக்குக் கால் போகிறது.

பரம்பரை ரத்த நோய் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் அது ரத்தம் ஏற்றுவது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, கல்யாணத்துக்கு முன் பரிசோதனை என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. மூன்றும் வேண்டியவைதான். ஆனால், இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களின் பட்டியலில் இதயக் கோளாறுக்கு அடுத்து நிற்பது தொற்று. அதில் பெரும்பகுதி பாக்டீரியா. பூஞ்சையும் பூஞ்சை மாதிரியான கிருமிகளும் ஓர் ஓரத்தில்தான் வருகின்றன. அந்த ஓரத்தை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை என்பதுதான் இங்கே குறை. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தாலும் யாரைத் தாக்கும், எந்த வழியில் தாக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய நோய் இது. அப்படிப்பட்ட நோயை, ‘எப்போதோ ஒன்று வரும்’ என்று ஒதுக்கி வைப்பதில் நியாயம் இல்லை.

முதலில் அந்த நூல் உயிரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பித்தியம் உண்மையில் பூஞ்சையே இல்லை. நீர்ப்பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் தூரத்து உறவான வேறொரு குடும்பம் அது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த கிருமியும் அதே குடும்பம்தான். ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு இந்தக் குடும்பம் பழைய பகை. தண்ணீர் தேங்கிய வயலில் மஞ்சள் கிழங்கை அழுக வைப்பது பித்தியத்தின் இன்னோர் இனம்; நாற்றங்காலில் நாற்றைச் சாய்ப்பதும் இதன் சொந்தக்காரர்களே. செடிகளைத் தின்று பிழைக்கும் இந்தக் கூட்டத்தில் மனிதரையும் குதிரையையும் நாயையும் தொடும் துணிச்சல் மிகச் சிலவற்றுக்குத்தான் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர்கள், மழைக்காலத்தில் குதிரைகளுக்கு வரும் ஆறாத புண்ணைப் பற்றி எழுதிவைத்தார்கள். அவற்றில் சிலவாவது இந்தக் கிருமியின் வேலையாக இருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதுகிறார்கள்.

தேங்கிய நீரில் இலைதழைகளின் மேல் இது வளர்கிறது. சூடு ஏறியதும் அதிலிருந்து நீந்தும் வித்துகள் வெளியேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால் இழைகள். அவை சும்மா மிதப்பதில்லை. செடியின் வெட்டுக்காயத்தையும் விலங்கின் முடியையும் தோலையும் மோப்பம் பிடித்தாற்போலத் தேடி நீந்திப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் வாலை உதறிவிட்டு, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, முளைவிட்டு உள்ளே இறங்குகின்றன. காலில் ஒரு கீறல் இருந்தாலே போதும்.

பூஞ்சை என்று நினைத்து மருந்து கொடுப்பதில்தான் சிக்கல். ஆம்போடெரிசின், ஃப்ளூகோனசோல் போன்ற மருந்துகள் பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டிராலைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. பித்தியத்துக்கு அதைத் தயாரிக்கவே தெரியாது. இல்லாத இலக்கை நோக்கி, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்தை வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் தொற்று கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து வயிற்றின் பெருந்தமனிக்கும் ஏறிவிடும். பெருந்தமனியைத் தொட்டுவிட்டால் அறுவை மருத்துவருக்கு வெட்ட இடமில்லை. தாய்லாந்து அனுபவம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: வெட்டிய விளிம்பில் கிருமி இல்லையென்றால் பிழைக்க வழியுண்டு, இருந்தால் மிகக் கடினம். முழங்காலுக்குக் கீழே முடிந்திருக்க வேண்டியது, இரண்டு வாரம் தாமதித்ததால் இடுப்பு வரை போகிறது.

தாய்லாந்து மருத்துவர்கள் செய்த ஒரு துணிச்சலான காரியம் 1998இல் வெளியானது. தலசீமியா உள்ள 14 வயதுச் சிறுவனுக்குக் கழுத்துத் தமனியில் தொற்று. கழுத்தை வெட்டவா முடியும்? குதிரைகளுக்காகத் தயாரித்திருந்த ஊசியைப் போல, அதே கிருமியின் புரதச் சாற்றை அவனுக்குச் செலுத்தினார்கள். சிறுவன் பிழைத்துக்கொண்டான். எல்லாருக்கும் அது பலிக்கவில்லை. ஏன் பலித்தது என்பதற்கும் விளக்கம் ஊகமாகவே நிற்கிறது. உடலின் எதிர்ப்பு தவறான திசையில் போய்க்கொண்டிருந்ததை அந்தச் சாறு சரியான திசைக்குத் திருப்பியிருக்கலாம் என்கிறார்கள். தலசீமியாவும் ஏர்பிடிக்கும் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரு நாடு, தன் நோயைத் தானே படித்துத் தானே வழிதேடியதற்கு இது நல்ல சாட்சி.

தலசீமியாவில் இந்தக் கிருமிக்கு என்ன இவ்வளவு வசதி? பதிலின் ஒரு பகுதி இரும்பில் இருக்கிறது. ஒரு பாட்டில் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வரும். உடல் தானாக வெளியே தள்ளக்கூடியது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதாமாதம் ரத்தம் ஏற்றும் குழந்தையின் உடம்பில் இரும்பு எங்கே போகும்? கல்லீரல், இதயம், சுரப்பிகள் என்று படிந்துகொண்டே போகும். ரத்தம் ஏற்றாதவர்களுக்கும் தப்ப வழியில்லை. அவர்களின் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சித் தருகிறது. கிருமிகள் பலவற்றுக்கு இரும்புதான் முதல் சாப்பாடு. அதனால்தான் ஆரோக்கியமான உடல் இரும்பைப் புரதங்களுக்குள் பூட்டியே வைக்கிறது. மிகுந்துபோனால் பூட்டு போதாது. அதே இரும்பு, கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களையும் மந்தமாக்குகிறது. மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு காவலும் குறைவு. போதாததற்கு, இந்த நோயாளிகளில் சிலருக்குக் கணுக்கால் பக்கம் நாள்பட்ட புண் வருவது வழக்கம். கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

இரும்பு என்றதும் இன்னொரு கதையைச் சொல்லாமல் நகர முடியாது. இதில் வில்லன் கிருமி மட்டுமில்லை, மருந்தும்தான்.

1960களில் டெஸ்ஃபெராக்சமின் வந்தது. டெஸ்ஃபெரால் என்றால் தலசீமியாக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு உடனே புரியும். இரவு படுக்கும்போது வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சின்னப் பம்பில் மருந்தை மாட்டி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்து இரவாவது இது நடக்க வேண்டும். ஊசி குத்திய இடம் தடித்துப் போகும். தூக்கத்தில் குழந்தை புரண்டால் குழாய் கழன்றுவிடும். அவ்வளவு பாடுபட்டாலும், அந்த மருந்து ஒரு தலைமுறையையே பிழைக்க வைத்தது. பதின்ம வயதிலேயே இதயம் நின்று இறந்துகொண்டிருந்தவர்கள் அதன் பிறகுதான் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஆனால், அந்த மருந்தின் பிறப்பிடம் மண். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா, தனக்கு இரும்பு திரட்டுவதற்காகச் சுரக்கும் பொருள் அது. மனித உடம்பின் இரும்பை வாரி எடுத்துச் சிறுநீரில் கொட்ட மருத்துவம் அதைக் கடன் வாங்கியது. மண்ணில் அதே பாக்டீரியாவுக்கு அண்டை வீட்டுக்காரன் ரைசோபஸ் பூஞ்சை. அடுத்தவன் திரட்டிய இரும்பைப் பறித்துத் தின்பது அதற்குப் பழக்கம். மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சுற்றும்போது, அந்த வித்தையை அது மனித உடம்பிலும் காட்டியது.

1980களில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது முதலில் வெளிப்பட்டது. சிறுநீரகம் வேலை செய்யாததால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கியது. மூக்கு, கண், மூளை என்று ரைசோபஸ் ஏறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த போலார்ட் என்ற மருத்துவர் 1991இல் திரட்டிய பதிவேட்டில், மியூக்கர்மைகோசிஸ் என்ற இந்தத் தொற்று வந்த டயாலிசிஸ் நோயாளிகள் 59 பேர் இருந்தார்கள். அவர்களில் 78 சதவீதம் பேர் டெஸ்ஃபெராக்சமின் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். தலசீமியா நோயாளிகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதே கதை பதிவானது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு சேர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை, இதே மியூக்கர்மைகோசிஸ்தான். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் ரத்தத்தில் கட்டற்ற இரும்பு கூடும் என்று அன்றைக்குத் தொலைக்காட்சியில் மருத்துவர்கள் விளக்கினார்கள். அந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவத்துக்குக் கற்றுத் தந்தது டெஸ்ஃபெராலும் டயாலிசிஸ் நோயாளிகளும்தான்.

இரும்பைப் பறித்தால் பூஞ்சை பட்டினி கிடக்குமே என்று யாருக்கும் தோன்றும். பூஞ்சையால் பறிக்க முடியாத புதிய மருந்தான டெஃபெராசிராக்ஸை, மியூக்கர்மைகோசிஸ் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். எலிகளில் பிரமாதமாக வேலை செய்தது. 20 மனிதர்களில் செய்த சோதனையின் முடிவு 2012இல் வந்தது: 90 நாள் முடிவில் மருந்து எடுத்த 11 பேரில் 9 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காத 9 பேரில் இரண்டே பேர். மருந்து எடுத்த அணியில் புற்றுநோயும் வெள்ளணுக் குறைவும் உள்ளவர்கள் அதிகம் விழுந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும், அழகான தர்க்கத்தை நம்பி ஆளின் மேல் கைவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைக்காது.

இரும்பை வெளியேற்ற மாத்திரை வடிவத்தில் வந்த டெஃபெரிப்ரோனை 1990களின் நடுவில், மேலை நாடுகள் தயங்கிக்கொண்டிருந்தபோதே, கெல்ஃபர் என்ற பெயரில் இந்தியாவில் சிப்லா விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊசிக்குக் காசில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை. ரைசோபஸுக்கு அது தீனி போடுவதும் இல்லை. ஆனால், எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் வெள்ளணுக்கள் திடீரென்று கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அந்த நாட்களில் எந்தப் பூஞ்சையும் உள்ளே வரலாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழந்தையை இரவு பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு போகும் தெருமுனை கிளினிக்கில், ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறான்?’ என்று யாராவது கேட்கிறார்களா? பாராசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதி அனுப்புவதுதான் நடைமுறை.

பரம்பரை ரத்த நோய் என்றால் சிவப்பணு மட்டுமல்ல. வெள்ளணு கிருமியை விழுங்கிவிட்டு, அதைக் கொல்லத் தெரியாமல் நிற்கும் நோய் ஒன்றும் உண்டு. 1950களில் மின்னசோட்டா மருத்துவர்கள் விவரித்த இதற்கு நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று பெயர். இந்தக் குழந்தைகளின் முதல் எதிரி ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. தோட்டத்தில் மக்கிய இலைக்குப்பையைக் கிளறினாலே போதும், சில நாட்களில் நுரையீரல் முழுக்கத் தொற்று. அமெரிக்காவில் 39 நோயாளிகளிடம் இட்ராகோனசோல் மாத்திரையை முன்தடுப்பாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 2003இல் வந்த முடிவின்படி, மாத்திரை எடுத்த காலத்தில் தீவிரப் பூஞ்சைத் தொற்று ஒருவருக்கு, வெற்று மாத்திரை எடுத்த காலத்தில் ஏழு பேருக்கு. சாதாரண மாத்திரைதான். ஆனால், நோய் இருப்பது தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? சொந்தத்துக்குள் கல்யாணம் நாட்டிலேயே அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுது மரபணு வந்து சேரும் நோய்களுக்கு இங்கே இடம் அதிகம். திரும்பத் திரும்ப நிமோனியாவும் சீழ்க்கட்டியும் வரும் குழந்தைக்கு, காசநோய் மருந்தை இரண்டாம் முறை தொடங்கும் முன் வெள்ளணுச் சோதனை ஒன்றைக் கேட்பது மிகையான எதிர்பார்ப்பு ஆகாது.

ஈசானுக்குத் திரும்பலாம். ஏன் தாய்லாந்து? பித்தியம் உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் இருக்கிறது. தலசீமியா மத்தியதரைக் கடல் நாடுகளில் இல்லாததா? பதில் எந்த வகைத் தலசீமியா என்பதில் இருக்கலாம். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா எல்லைகள் சந்திக்கும் பகுதியில் ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றத்தைச் சுமப்பவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். அது பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் பலருக்கு நடுத்தர நோய் வருகிறது. ரத்தம் எப்போதாவது ஏற்றினால் போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். வெளிறிய முகத்தோடு, கொஞ்சம் மூச்சிரைப்போடு வளர்ந்து, படித்து, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விடுகிறார்கள். கடுமையான தலசீமியாக் குழந்தை மருத்துவமனையிலேயே வளர்கிறது, வயலில் இறங்குவதில்லை. வயலில் இறங்குபவர், ‘உனக்கு லேசாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர். காலை இழந்தவர்களில் பலர் அந்த வரிசையில் வந்தவர்களாகவே இருக்க வேண்டும். நோய் லேசு என்பதால் மருத்துவமனை அவர்களை மறக்கிறது, அவர்களும் மருத்துவமனையை மறக்கிறார்கள்.

இதே சேர்க்கை இந்தியாவிலும் உண்டு. அசாமிலும் வங்காளத்திலும் ஹீமோகுளோபின் ஈ நிறைய. அங்கே ஆண்டில் பாதி வயலில் தண்ணீர். இலங்கையில் குருநாகல் தலசீமியா மையத்துக்கு வருபவர்களில் கணிசமானோர் ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா நோயாளிகள். குளமும் நெல்வயலும் நிறைந்த வட்டாரம் அது. கிருமி இங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத்திலும் சென்னையிலும் மதுரையிலும் கண் மருத்துவமனைகள், கருவிழிப் புண்ணில் பித்தியத்தைக் கடந்த பத்தாண்டுகளாகக் கண்டெடுத்து எழுதிக்கொண்டிருக்கின்றன. முன்பு பூஞ்சை என்று நினைத்து நாட்டமைசின் சொட்டு போட்டு, குணமாகாமல் சிலருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. பிறகு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பாக்டீரியாவுக்கான லினசோலிட், அசித்ரோமைசின் மருந்துகளை முயன்று பலன் கண்டார்கள். தாய்லாந்தில் ரத்தக் குழாய்த் தொற்றுக்கும் இப்போது அறுவை சிகிச்சையோடு இப்படிப்பட்ட மருந்துகளைச் சேர்க்கிறார்கள். கண்ணில் இத்தனை பேருக்குக் கிடைக்கும் கிருமி, காலில் மட்டும் அநேகமாக யாருக்கும் கிடைக்கவில்லை. கண் மருத்துவர்கள் தேடுகிறார்கள், மற்றவர்கள் தேடுவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

‘நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் தலசீமியாக் குழந்தைகள் பிறக்கின்றன, பிறப்பதைத் தடுக்கப் பரிசோதனைக்கே காசில்லை, இதில் பூஞ்சைக்கு எங்கே போவது?’ என்று பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், இங்கே கேட்பது புதிய திட்டத்தையோ தனிக் கட்டிடத்தையோ அல்ல. தலசீமியாக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அடிக்கடி வரும் நோயாளிகள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து, பாட்டில் முடியும் வரை மணிக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் செவிலியர் ஒருவர் காலுறையைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் நாடி பார்த்து, புண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் பார்க்க நம் மருத்துவமனைகள் பழகிவிட்டன. அதே பழக்கத்தை ரத்தம் ஏற்றும் அறைக்கும் நீட்டினால் போதும்.

அறைக்கு வராதவர்களைப் பிடிப்பதுதான் கடினம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதித்தவர்களுக்கு மரபணு நிலையைச் சொல்லும் அட்டை கொடுக்கிறார்கள். உறுதிசெய்யும் சோதனையில் ஹீமோகுளோபின் ஈயும் நடுத்தரத் தலசீமியாவும்கூடத் தெரியவரும். அவை உள்ளவர்களை ‘அரிவாள் செல் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பாமல், இன்னும் சில வரிகள் எழுதிய அட்டையோடு அனுப்பலாம்: மண்ணீரல் எடுத்தாயிற்றா, என்ன மருந்து, ஆறாத கால் புண்ணோ நடந்தால் கால் வலியோ வந்தால் எந்த மருத்துவமனைக்கு வர வேண்டும். தெருமுனை கிளினிக் மருத்துவர் கேட்க மறந்தாலும் அட்டை சொல்லிவிடும்.

வயலில் இறங்காதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையைத் தாய்லாந்து மருத்துவர்களும் சொல்கிறார்கள். நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். கூலிக்கு நடும் பெண்ணிடம் வயலில் இறங்காதே என்பது, சாப்பிடாதே என்பதற்குச் சமம். காயத்தோடு இறங்க வேண்டாம், ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நடவு நாளில் முடிந்தால் களத்து வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுவரைதான் நேர்மையாகச் சொல்ல முடியும். தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன. சேறில்லாத வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் கேட்டு வாங்க அந்தச் சட்டம் உதவ வேண்டும். சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு, ரத்தம் ஏற்றாத நோயாளியையும் நோயாளியாக மதித்தால்தான் அது நடக்கும்.

கடைசியாக ஆய்வுக்கூடம். வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் மட்டும் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்புவது நம் அறுவை அரங்குகளின் பழக்கம். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துப்போகும். அதை வளர்த்துப் பார்க்க முடியாது. பாதித் துண்டை உப்புநீரில் போட்டு நுண்ணுயிரியல் துறைக்கும் அனுப்ப வேண்டும். வளர்ந்து வருவது குறுக்குத் தடுப்பில்லாத அகன்ற இழையாக இருந்தால் அது மியூக்கராகவும் இருக்கலாம், பித்தியமாகவும் இருக்கலாம். முன்னதற்கு ஆம்போடெரிசின்தான் உயிர்; பின்னதற்கு அது வீண். பிரித்தறியக் கண் மருத்துவமனைகள் கையாளும் முறை எளிது: கொதிக்க வைத்த இலைத் துண்டை அந்த வளர்ச்சியின் மேல் வைத்து, பிறகு தாது உப்புகள் கலந்த நீருக்கு மாற்றி, 37 டிகிரியில் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பித்தியமாக இருந்தால் இலையின் ஓரத்தில் பை திரண்டு, அதிலிருந்து வாலுள்ள வித்துகள் நீந்திக்கொண்டு வெளியேறும். அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் அந்த நுண்ணோக்கியும் இன்குபேட்டரும் இருக்கின்றன. மதுரைக்கோ சென்னைக்கோ ஆய்வுக்கூட நுட்பநர்களைச் சில நாள் அனுப்பி இதைக் கற்றுவரச் செய்ய மருத்துவக் கல்வி இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.